கேள்வி நேரம்: யாரும் எழுந்து நிற்க வேண்டாம்

போன இதழில் ஒரு வாசகி, "எங்கள் கல்லூரியில் 'சம வாய்ப்பு மையம்' என்று ஓர் அறைக்குப் பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறார்கள். உள்ளே என்ன நடக்கும்?" என்று கேட்டிருந்தார். சாதி, மதம், மாற்றுத்திறன் என எதனாலும் ஒரு மாணவர் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொள்கிற இடம் என்று நாலே வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அது போதாது என்று இந்த மாதத் தபாலைப் பார்த்ததும் புரிந்தது. புதூர்நாடு, குடியாத்தம், ஆற்காடு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை, காட்பாடி என்று நம் பழைய வட ஆற்காட்டின் நாலா பக்கத்திலிருந்தும் கடிதங்கள். எல்லாமே சீட் கிடைத்து, கல்லூரிக்குள் கால் வைத்த பிறகு நடக்கிற விஷயங்கள். அதனால் மாடித்தோட்டக் கேள்விகள் இந்த ஒரு மாதம் காத்திருக்கட்டும்.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் 31 ஆண்டு தாவரவியல் நடத்தினேன். அதில் கடைசி 9 ஆண்டு இந்த மையமும் என் பொறுப்பில் இருந்தது. கீழே எழுதியிருப்பதில் பாதி சட்டம், பாதி அங்கே பிள்ளைகளிடம் நான் கற்றுக்கொண்டது.

கேள்வி: அம்மா, நான் ஜவ்வாது மலையில் இருக்கும் புதூர்நாட்டுப் பெண். மலையாளி சமூகம். கீழே ஒரு கல்லூரியில் முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கிறேன். போன வாரம் வகுப்புக்கு ஒரு சார் படிவக் கட்டோடு வந்து, "எஸ்.சி., எஸ்.டி. எல்லாரும் எழுந்து நில்லுங்க, ஸ்காலர்ஷிப் ஃபாரம் வாங்கிக்கோங்க" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. இப்போது ஆபீசுக்குப் போய்த் தனியாகக் கேட்கவும் பயமாக இருக்கிறது. கடைசித் தேதி நெருங்குகிறது. அதோடு, சமூகத்தின் பெயரைக் கேட்டவர்கள் "மலையாளியா? அப்ப மலையாளத்துல பேசு" என்கிறார்கள்.
— முதலாம் ஆண்டு மாணவி, திருப்பத்தூர் மாவட்டம்

பதில்: முதலில் படிவம், மற்றதெல்லாம் அப்புறம். நாளைக் காலை முதல் மணி அடிப்பதற்கு முன்னாலேயே ஆபீசுக்குப் போ. அந்த நேரத்தில் கூட்டம் இருக்காது. "போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்" என்று மட்டும் கேள், போதும். பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, சாதிச் சான்று, உன் பெயரில் வங்கிக் கணக்கு, ஆதார் எல்லாவற்றையும் இரண்டு நகல் எடுத்துக்கொள். ஆன்லைனில் ஏற்றினாலும் காகிதமும் கேட்பார்கள். பழங்குடியினருக்குச் சாதிச் சான்று கொடுப்பவர் கோட்டாட்சியர். தாசில்தார் ஆபீசோடு முடிகிற வேலை இல்லை என்பதால் நாள் இழுக்கும். உன் கையில் சான்று இன்னும் வரவில்லை என்றால், விண்ணப்பித்த ரசீதை வைத்து ஆபீசில் அவகாசம் கேள். வாய்ப்பேச்சாக விடாதே, எழுதிக் கொடு.

இனி, உன்னை எழுந்து நிற்கச் சொன்னது பற்றி. அப்படிச் சொல்லக் கூடாது மகளே. 2012-ல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) கொண்டுவந்த சமத்துவ விதிமுறைகளில் இது வெளிப்படையாகவே இருக்கிறது. வகுப்பில் மாணவரின் சாதியையோ, பழங்குடியையோ, மதத்தையோ, ஊர்ப்பக்கத்தையோ வாயாலோ வேறு விதத்திலோ அறிவிப்பது பாகுபாடு. எஸ்.சி., எஸ்.டி. மாணவரை "ரிசர்வ்டு" என்று முத்திரை குத்துவதும் பாகுபாடு. ஒவ்வொரு கல்லூரியிலும் பாகுபாடு தடுப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதும் அதே விதிமுறைதான். உன் கல்லூரியில் அவர் யார் என்று நோட்டீஸ் போர்டில் பார். இல்லையென்றால் கேள். அவரிடம் நீ புகார் கொடுக்கத்தான் வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கொடுக்கலாம் என்று தெரிந்து வைத்துக்கொள்.

உனக்கு இதை எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் நடுங்குகிறது, ஏனென்றால் நானும் அதையே செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம். ஆபீசிலிருந்து சர்க்குலர் வந்தது, வகுப்பில் அப்படியே படித்தேன், "எழுந்திருங்க" என்றேன். ஆறேழு பேர் எழுந்தார்கள். இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் மட்டும் தலையே தூக்கவில்லை. நோட்டில் ஒரு அரச இலை வரைந்திருந்தாள். நடு நரம்பின் மேல் பென்சிலை மறுபடி மறுபடி ஓட்டிக்கொண்டே இருந்தாள், அந்த இடத்தில் தாள் கிழிகிற வரைக்கும். பாடத்தைக் கவனிக்கவில்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அந்த ஆண்டு அவளுக்கு உதவித்தொகை வரவில்லை. அப்பா ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் வேலை. வட்டிக்கு வாங்கித்தான் கட்டணம் கட்டினார். மூன்றாம் ஆண்டு முடிந்து விடைபெற வந்தபோதுதான் சொன்னாள்: "அன்னிக்கு எழுந்திருந்தா, மூணு வருஷம் அதே பெஞ்சில அதே ஃபிரண்ட்ஸோட உக்காந்திருக்க மாட்டேன் மேடம்." கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் மறக்கவில்லை.

மையத்தின் பொறுப்பு வந்ததும் நான் செய்த முதல் வேலை, அந்த சர்க்குலரை நிறுத்தியது. சேர்க்கை நாளன்றே எல்லாருக்கும் ஒரு கவர். பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி., சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளி, முதல் தலைமுறைப் பட்டதாரி என எல்லாப் படிவமும் எல்லார் கவரிலும் இருக்கும். யாருக்கு எது வேண்டுமோ அதை நிரப்பி, கவரை ஒட்டி, ஆபீஸ் ஜன்னலுக்குக் கீழே இருக்கும் பெட்டியில் போட வேண்டும். ஆளுக்கு ஏழு தாள் வீணாகிறது என்று தணிக்கையில் கேள்வி வந்தது. வீணான தாளின் விலையைக் கணக்குப் போட்டு, நானே பதில் எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. உங்கள் சாரிடம் இந்த ஏற்பாட்டைச் சொல்லிப் பார்க்கலாம். நீ சொல்ல வேண்டாம், இந்தப் பக்கத்தைக் கிழித்து ஸ்டாஃப் ரூம் மேசையில் வைத்துவிடு. என் பெயரில் திட்டட்டும்.

"மலையாளத்துல பேசு" என்கிறவர்களுக்கு: மலையில் ஆள்கிறவர்கள், மலைவாழ் மக்கள் என்ற பொருளில் வந்த பெயர் அது. கேரளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஜவ்வாது மலை, ஏலகிரி, சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை எல்லாம் உங்கள் மக்கள். பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறினார்கள் என்று உங்கள் பெரியவர்களே சொல்வார்கள். இன்னொரு செய்தியும் தெரிந்துகொள். பழங்குடிப் பட்டியலில் உங்கள் சமூகத்தின் பெயருக்குப் பக்கத்தில் எந்தெந்த மாவட்டம் என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கும். அதில் "வட ஆற்காடு" ஒன்று. அந்த மாவட்டம் 1989-ல் பிரிந்தது. மிச்சம் இருந்த வேலூரும் 2019-ல் மூன்றாகிவிட்டது. வரைபடத்தில் எங்கேயும் இல்லாத வட ஆற்காடு, உன் சான்றிதழுக்கு அடிப்படையான பட்டியலில் இன்னும் இருக்கிறது. அடுத்த முறை யாராவது கேட்டால் இதைச் சொல். கேட்டவருக்கு இந்த ஊர்ச் சரித்திரம் கொஞ்சம் தெரியவரும்.

கேள்வி: என் மகனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பி.ஏ. வரலாறு சேர்த்திருக்கிறோம். செமஸ்டர் பரீட்சைக்கு "எழுத ஆளை நீங்களே கூட்டிட்டு வாங்க, கூட அரை மணி தர்றோம்" என்கிறார்கள். நான் பீடி சுற்றுகிறேன். பரீட்சைக்குப் பரீட்சை யாரைப் போய்த் தேடுவேன் டீச்சரம்மா?
— ஒரு தாய், குடியாத்தம்

பதில்: நீங்கள் தேட வேண்டியதில்லை அம்மா. சொல்வதை எழுதுபவரை நீங்களே கூட்டி வரலாம், அல்லது தேர்வு நடத்துகிறவர்களிடமே கேட்கலாம், அது மாணவரின் விருப்பம் என்று 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. எழுதுபவரை இரண்டு நாள் முன்னதாகவே சந்தித்துப் பேசிப் பார்க்கவும் அதில் இடம் உண்டு. கூடுதல் நேரம் அரை மணி இல்லை. ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. மூன்று மணி நேரப் பரீட்சை என்றால் முழுசாக ஒரு மணி நேரம். இதை அப்படியே எழுதி, மகனின் மாற்றுத்திறனாளி அட்டை நகலையும் வைத்து, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கும் முதல்வருக்கும் ஆளுக்கொன்று கொடுங்கள். கொடுத்ததற்கு உங்கள் நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். அட்டை இல்லாத பிள்ளைகளைப் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். குறைபாடு 40 சதவீதம் எட்டாவிட்டாலும், எழுதுவதில் உண்மையான சிரமம் இருந்தால் எழுத ஆள் கேட்கலாம் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அந்த ஒரு மணி நேரம் எதற்கு என்று கேட்பவர்களுக்காக நான் பார்த்த ஒரு பரீட்சையைச் சொல்கிறேன். உங்கள் மகனைப் போலவே வரலாறு படித்த பையன். தனி அறை, நான் கண்காணிப்பு. எழுத வந்தது பக்கத்துப் பள்ளியில் பிளஸ் டூ வணிகவியல் படிக்கிற பெண். பையன் சொல்லச் சொல்ல அவள் வேகமாகத்தான் எழுதினாள். ஒவ்வொரு விடையும் முடிந்ததும் "படிச்சுக் காட்டு தங்கச்சி" என்பான். மேசை விளிம்பில் வலது கைக் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பத்திக்கும் ஒரு தட்டு. வேலூர்ப் புரட்சி பற்றிய கேள்வி. அவள் படித்தாள்: "1857-ஆம் ஆண்டு வேலூர்க் கோட்டையில்..." தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. "1806 சொன்னேன் தங்கச்சி. ஜூலை 10. 1857 மீரட்டு. இது நம்மூரு கோட்டை, அதுக்கு அம்பது வருஷம் முன்னாடி." அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு அடித்துத் திருத்தினாள். சிப்பாய்ப் புரட்சி என்றதும் 1857 தானாகக் கைக்கு வந்துவிட்டது, பாவம். அந்தத் திருத்தத்துக்கு இரண்டு நிமிடம் ஆனது. மூன்று மணி நேரத்தில் இப்படி எத்தனை இரண்டு நிமிடம் என்று எண்ணிப் பாருங்கள். கண் தெரிந்த பிள்ளை எழுதும்போதே திருத்திக்கொள்வதை இவன் காதால் கேட்டுத்தான் திருத்த முடியும்.

மகனிடம் இதைச் சொல்லுங்கள்: ஒவ்வொரு விடையையும் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும், ஆண்டுகளையும் பெயர்களையும் எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும். படிப்புக்கு இன்னொன்று. என்.வி.டி.ஏ. என்று ஒரு மென்பொருள், கணினித் திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும். இலவசம். தமிழும் படிக்கும். குரல் கொஞ்சம் இயந்திரத்தனமாக இருக்கும், ஒரு வாரத்தில் காது பழகிவிடும். எங்கள் கல்லூரியில் சீனியர் பிள்ளைகள் பாடங்களைச் செல்போனில் படித்துப் பதிவு செய்து கொடுப்பார்கள். ஒரு பெண் சமையல் செய்துகொண்டே படித்துப் பதிவு செய்திருந்தாள். முதலாம் பராந்தகன் படையெடுப்புக்கு நடுவில் குக்கர் விசில் கேட்கும். அந்தப் பாடத்தை மட்டும் அந்த வரலாற்றுப் பையன் மறக்கவே இல்லை.

கேள்வி: இட ஒதுக்கீட்டில் சீட் கொடுத்தாகிவிட்டது. அதற்குமேல் தனி மையம், தனி அலுவலர் எல்லாம் எதற்கு மேடம்? மற்ற மாணவர்களுக்கு இதனால் என்ன லாபம்?
— இளைஞர், ஆற்காடு

பதில்: நேராகக் கேட்டதற்கு நன்றி தம்பி. நேராகவே சொல்கிறேன்.

எங்கள் துறையில் ஒரு பையன் மாலை பிராக்டிகலில் தினமும் 4.45-க்குக் கிளம்பிவிடுவான். ரெக்கார்டு நோட்டில் பாதிதான் இருக்கும். "பொறுப்பில்லை" என்று இன்டர்னலில் மார்க்கைக் குறைத்தோம். அவன் எஸ்.டி. ஒதுக்கீட்டில் வந்தவன் என்பதால் ஸ்டாஃப் ரூமில் வேறு பேச்சும் வந்தது, அதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. கடைசியில் ஒருநாள் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் ஊருக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமானால் 5 மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் இருக்க வேண்டும். விட்டால் அடிவாரத்திலிருந்து இருட்டில் நடை. அவ்வளவுதான் விஷயம். அடுத்த செமஸ்டர் பிராக்டிகலைக் காலைக்கு மாற்றினோம். பணமாக ஒரு ரூபாய் செலவில்லை, டைம்டேபிள் போடுகிறவருக்கு ஒரு நாள் தலைவலி. மாற்றியதும் இன்னும் நாலு பேர் வந்து நன்றி சொன்னார்கள். ஒருவன் வீட்டில் மாலை பால் கறக்க வேண்டும். ஒரு பெண்ணின் அம்மா ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஷிஃப்ட்டுக்குப் போவதால் தம்பியை இவள்தான் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டும். அவர்களில் யாரும் அந்த ஒதுக்கீட்டில் வந்தவர்கள் இல்லை. யாரும் அதுவரை வாயைத் திறந்ததும் இல்லை. மற்றவர்களுக்கு என்ன லாபம் என்று கேட்டீர்களே, இதுதான்.

சீட் கொடுப்பது அரசின் வேலை. தமிழ்நாட்டில் 69 சதவீதம் என்பதற்கு 1994-லேயே சட்டம் செய்து, அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணையிலும் சேர்த்தாயிற்று. அந்த சீட்டில் உட்கார்ந்தவன் மூன்று வருஷம் கழித்துப் பட்டத்தோடு வெளியே வருகிறானா என்று பார்ப்பது கல்லூரியின் வேலை. அதைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

"தனியாக" என்பது உங்களை உறுத்துகிறது என்று புரிகிறது. நம் வேலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரசவத்துக்கு ஆண் மருத்துவர் வரக்கூடாது என்று மூன்று வீட்டார் மறுத்துவிட, ஒரே இரவில் மூன்று பெண்கள் செத்துப்போனதைப் பார்த்துத்தான் அமெரிக்க மிஷனரி வீட்டுப் பெண்ணான ஐடா ஸ்கடர் டாக்டருக்குப் படித்தார். 1918-ல் அவர் வேலூரில் தொடங்கிய மருத்துவப் பள்ளி பெண்களுக்கு மட்டும்தான். ஆண்களைச் சேர்க்கத் தொடங்கியது 1947-ல். ஏறக்குறைய முப்பது வருஷம் தனியாக நடத்த வேண்டியிருந்தது, ஏனென்றால் பொதுவாக இருந்த இடங்களில் பெண்ணுக்கு இடமில்லை. இன்று அந்தப் பள்ளியோடு வளர்ந்த சி.எம்.சி. மருத்துவமனைக்கு நாடு முழுக்க ஆணும் பெண்ணும் வைத்தியத்துக்கு ரயிலேறி வந்து காட்பாடியில் இறங்குகிறார்கள்.

கேள்வி: ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறேன். ரம்ஜான் மாதம், விடிவதற்கு முன் சாப்பிடும் சஹருக்கு மெஸ்ஸில் எதுவும் கிடைப்பதில்லை. பிஸ்கட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டு நோன்பு பிடிக்கிறோம். கேட்டால் "உங்களுக்காக மூணு மணிக்கு அடுப்பு மூட்ட முடியுமா" என்கிறார்கள்.
— மாணவி, மேல்விஷாரம்

பதில்: அடுப்பு மூட்ட வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். இரவுச் சாப்பாட்டிலேயே நோன்பு பிடிப்பவர்களுக்குச் சோறும் குழம்பும் தனியாக எடுத்து, பெரிய ஹாட் பேக்கில் போட்டு, பிளாஸ்க்கில் டீ வைத்துவிட்டால் போதும். எங்கள் ஹாஸ்டலில் இப்படித்தான் நடந்தது. எத்தனை பேர் என்று தினமும் மாலை 6 மணிக்குள் ஒரு சீட்டு எழுதி மெஸ் அக்காவிடம் கொடுக்க வேண்டும், சாப்பிட்ட பாத்திரத்தை நீங்களே கழுவி வைக்க வேண்டும். முதல் வருஷம் ஒரு வாரம் போனதும் மெஸ் அக்காவே கூட இரண்டு முட்டை அவித்து வைக்க ஆரம்பித்தார். பகல் சாப்பாடு இல்லாததால் அந்த மாத மெஸ் பில்லில் கழிவு கேட்பதும் நியாயம்தான். தனித்தனியாகப் போகாமல் எல்லாரும் கையெழுத்துப் போட்டு வார்டனிடம் கொடுங்கள், ரம்ஜானுக்கு ஒரு மாதம் முன்னால்.

கேள்வி: மேடம், நான் கௌரவ விரிவுரையாளர். இந்த ஆண்டு என் வகுப்பில் ஒரு திருநங்கை சேர்ந்திருக்கிறார். அட்டெண்டன்ஸில் பழைய ஆண் பெயர் இருக்கிறது. கூப்பிடும்போது பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நான் தவறாக எதுவும் செய்துவிடக் கூடாது.
— விரிவுரையாளர், ராணிப்பேட்டை

பதில்: உங்கள் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

நாளைக்கே, வகுப்பு தொடங்கும் முன், தனியாக ஒரு நிமிடம் பேசுங்கள். "உன்னை எந்தப் பெயரில் கூப்பிடட்டும்?" இந்த ஒரு கேள்விதான். சொன்ன பெயரை உங்கள் ரிஜிஸ்டரில் பென்சிலால் பக்கத்தில் எழுதி, அதையே கூப்பிடுங்கள். உங்கள் குரலில் தயக்கம் இல்லையென்றால் சிரிப்பு இரண்டு நாளில் அடங்கும். முதல் நாள் யாராவது சிரித்தால் அங்கேயே நிறுத்தி, "இந்த வகுப்பில் இது வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடருங்கள். திருநங்கைகளைப் பற்றி நீண்ட அறிவுரை சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளையும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. வகுப்பே திரும்பிப் பார்க்கும்.

பதிவேட்டில் பெயர் மாற, 2019 சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் கொடுக்கும் அடையாளச் சான்று வேண்டும். ஆண், பெண் என்ற இரண்டுக்கு வெளியே மூன்றாம் பாலினத்தை உச்ச நீதிமன்றம் 2014-லேயே ஏற்றிருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்கும் முன்னால், 2008-லேயே திருநங்கைகளுக்கு நலவாரியம் வந்துவிட்டது. உயர்கல்வி படிக்கும் மூன்றாம் பாலினத்தவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கும் என்று 2024 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விவரம் கேட்டு, அந்தப் பிள்ளையோடு நீங்களும் ஒருமுறை போய் வந்தால் பெரிய உதவி.

கழிப்பறை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். எங்கள் கல்லூரியில் ஸ்டாஃப் கழிப்பறை ஒன்றைப் பயன்படுத்தச் சொல்லி அனுமதி கொடுத்தோம், பெரிதாகச் செய்துவிட்டதாக நினைத்தோம். சாவி அட்டெண்டரிடம். ஒவ்வொரு தடவையும் நாலு பேர் முன்னால் போய்ச் சாவி கேட்க வேண்டும். அந்தப் பிள்ளை காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்தது, நம் ஊர் மே மாத வெயிலில். தெரியவந்த அன்றே பூட்டைக் கழற்றினோம். என்ன ஏற்பாடு செய்தாலும் செய்துவிட்டு, ஒரு வாரம் கழித்து "சரியாக இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

கேள்வி: நான் வீல்சேரில் போகிறவள். எம்.எஸ்சி. சேர்ந்திருக்கிறேன். வகுப்பு இரண்டாவது மாடியில், லிஃப்ட் இல்லை. தினமும் நாலு பேர் தூக்கிப் போகிறார்கள். கீழே சாய்தளம் கட்டியிருக்கிறார்கள், ஆனால் அதில் நானாக ஏற முடியவில்லை. "டாக்டராவது, சயின்டிஸ்டாவது, உனக்கு ஆன்லைன் படிப்புதான் சரி" என்று உறவினர் ஒருவர் சொன்னார்.
— மாணவி, காட்பாடி

பதில்: உறவினருக்கு முதலில். காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் பஸ்ஸில் ஒருநாள் அவரையும் கூட்டிக்கொண்டு போய் வா. அங்கே மேரி வர்கீஸ் பெயரில் ஒரு மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. அவர் வேலூரில் இளம் டாக்டராக இருந்தபோது, 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. இனி அறுவை சிகிச்சை செய்ய முடியாது என்றுதான் அவரே நினைத்தார். அவரைத் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கும் அறுவை சிகிச்சைக்குக் கூப்பிட்டார் டாக்டர் பால் பிராண்ட். கை அறுவை சிகிச்சையை எந்த டாக்டரும் உட்கார்ந்துதான் செய்வார். அப்படியிருக்க நாற்காலிக்குச் சக்கரம் இருந்தால் என்ன? வீல்சேரில் உட்கார்ந்து அவர் எத்தனையோ பேருக்கு மடங்கிப்போன விரல்களை நிமிர்த்திக் கொடுத்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து அந்தத் துறைக்கே தலைவரானார். பாகாயம் நிலையம் 1966-ல் வந்தது. 1972-ல் அவருக்கு பத்மஸ்ரீ. இதெல்லாம் சாய்தளத்துக்கும் லிஃப்ட்டுக்கும் எந்தச் சட்டமும் இல்லாத காலம்.

இப்போது சட்டம் இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு நிதி பெறும் கல்லூரி மட்டுமல்ல, அங்கீகாரம் பெற்ற கல்லூரியும் கட்டடத்தையும் வளாகத்தையும் வசதிகளையும் எல்லாரும் அணுகும்படி வைக்க வேண்டும். லிஃப்ட் கட்ட நாளாகும். அதுவரை காத்திருக்க வேண்டாம். உன் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றச் சொல். அறையை மாற்றிக்கொள்ள ஒரு நாள் போதும். நாலு பேர் தூக்கிப் போவதை உதவி என்று சொல்வார்கள். அந்தப் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான், ஆனால் மாடிப்படியில் கால் வழுக்கினால் ஐந்து பேருக்கும் ஆபத்து. தூக்கும்போது உனக்கு எப்படி இருக்கும் என்பது உனக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை.

சாய்தளம் ஏன் ஏறமுடியவில்லை என்பது எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், அதுதான் கணக்கு. எங்கள் கல்லூரி வாசலில் மூன்று படி. ஒவ்வொன்றும் அரை அடி, மொத்தம் ஒன்றரை அடி உயரம். பதினெட்டு அடி சாய்தளம் கட்டியிருக்க வேண்டும். கட்டியது ஏழடி. திறப்பு விழா நடத்தி, ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்தோம். நானும் அந்தப் போட்டோவில் நிற்கிறேன். மறுநாள் வந்த மாணவனின் வீல்சேர் பாதி ஏறியதும் முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பிவிட்டன. வாட்ச்மேன் பாய்ந்து பின்னால் பிடித்ததால் விழாமல் தப்பித்தான். அன்று மாலை தையல் டேப்பை வைத்துக்கொண்டு முட்டிபோட்டு அளந்தபோதுதான் எனக்கே கணக்கு புரிந்தது. மறுபடி இடித்து, சுவரோடு ஒட்டித் திருப்பி, நடுவில் ஒரு சமதளம் விட்டு, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்துக் கட்ட ஒரு வருஷம் ஆனது. மேலே போய்ச் சேருமிடத்தில் இருந்த இரும்புக் கேட்டை எப்போதும் பூட்டி வைத்திருந்தார்கள். அதைத் திறந்து வைக்க இன்னும் ஒரு மாதம்.

அதனால் ஒரு டேப் எடுத்துக்கொள், கூட ஒரு தோழியைக் கூப்பிட்டுக்கொள். வாசல் படியின் மொத்த உயரம், சாய்தளத்தின் நீளம், கழிப்பறைக் கதவின் அகலம் (90 சென்டிமீட்டர் இருக்க வேண்டும்), லேப் மேசையின் உயரம், நூலகத்தில் உன் கை எட்டுகிற அலமாரி எது என்று எல்லாவற்றையும் அளந்து ஒரு தாளில் எழுது. போட்டோவும் எடு. அதை இதழ் முகவரிக்கு எனக்கு அனுப்பு. முதல்வருக்குக் கொடுக்க வேண்டிய மனுவை எழுதி நான் உனக்குத் தபாலில் அனுப்புகிறேன். கையெழுத்து உன்னுடையதாக இருக்கட்டும்.